காத்திருந்த நேரத்துக்குக் கூலி

என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் எண்ணெய் லோரி ஓட்டினார். பெட்ரோல் லோரி அல்ல, செம்பனை எண்ணெய். பகாங் மாநிலத்தின் கெராத்தோங் பக்கமிருந்த ஆலைகளில் ஏற்றிக்கொண்டு, சிகாமாட், லாபிஸ், யோங் பெங் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, பாசிர் கூடாங்கில் இறக்குவார். ஒரு வழிக்கு மட்டும் 250 கிலோமீட்டருக்கு மேல். இறக்கிவிட்டுக் காலி டாங்கியோடு அதே சாலையில் திரும்புவார்.

சென்ற ஆண்டு பஹாவ் வீட்டுக்குச் சாயம் அடித்தபோது, அலமாரிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய 555 புத்தகங்கள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்னப் புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாமான் கடைக் கடன் எழுதும் புத்தகம். அப்பா அதில் தன் பயணங்களை எழுதி வைத்திருந்தார். தேதி, ஆலை, ஏற்றிய எடை, சீல் எண். அவற்றோடு ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நேரங்கள்: ஆலைக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைந்தது, வெளியே வந்தது.

“எதுக்குப்பா இந்த நேரமெல்லாம் எழுதி வச்சீங்க?”

“கேப்பாங்கன்னு நெனச்சேன்.”

“யாராவது கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல.”

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவர் எழுதி வைத்த நேரங்களை நான் கூட்டிப் பார்த்தேன். 2007 அக்டோபரில் ஒரு வாரம். ஐந்து டிரிப். லோரி ஓடிய நேரம் 47 மணி. வரிசையில் நின்ற நேரம் 34 மணி. மொத்தம் 81 மணி. ஒரு டிரிப்புக்கு 95 வெள்ளி என்பதால் அந்த வாரம் அவர் சம்பாதித்தது 475 வெள்ளி. ஓடிய நேரத்தை மட்டும் கணக்கெடுத்தால் மணிக்கு 10 வெள்ளி வருகிறது. நின்ற நேரத்தையும் சேர்த்தால் 5 வெள்ளி 86 காசு. மிச்சம் எங்கே போனது? வரிசையில் போனது. டிரிப் கணக்கில் வரிசைக்குக் கூலி கிடையாது.

இந்தக் கணக்கு முறை அப்பா காலத்தில் தொடங்கியதாகவே நான் நினைத்திருந்தேன். தாத்தாவைப் பற்றி யோசித்தபோதுதான் அது வீட்டுக்குள் எத்தனை காலமாக இருக்கிறது என்று புரிந்தது.

தாத்தாவும் பாட்டியும் பஹாவ் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடியும் முன்பே பெரட்டு. வெட்டி முடித்து, பால் சேர்த்து, ஆயக்கொட்டகைக்கு அருகில் இருந்த நிறுவைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது உச்சி வெயில் ஏறியிருக்கும். அங்கே கிராணி எடை பார்ப்பார். மெட்ரோலாக் குழாயை விட்டுப் பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று கணிப்பார். அவர் சொன்னதுதான் எண். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. மரப்பட்டை நனைந்திருந்தாலும் முடியாது. அன்றைக்குக் கூலி குறையும், அல்லது இல்லாமலே போகும். உலகச் சந்தையில் ரப்பர் விலை இறங்கினால் அதுவும் கூலியில் தெரியும். வானம், மரம், சந்தை மூன்றும் தாத்தாவின் கையில் இல்லை. ஆனால் மூன்றின் நட்டத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது.

தோட்டக் கூலியின் வரலாற்றைப் படிப்பவர்கள் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தைக் கடந்துதான் போகவேண்டும். ஆர்.எச். நாதன் தலைமையில் இந்தியத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுவது இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறகு 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, முதலாளிகள் தரப்போடு மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போடும் காலம் வந்தது. அந்த ஒப்பந்தங்களில் திருப்தி இல்லாதவர்கள் உண்டு. தாத்தாவே சங்கத்தைத் திட்டிக்கொண்டுதான் சந்தா கட்டினார். ஆனாலும் கட்டினார். காலையில் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள், ஒரே லயத்தில் தூங்குகிறார்கள். சேர்ந்து கோபப்பட ஓர் இடம் இருந்தது.

பால்மரத்திலிருந்து செம்பனைக்கு நாடு மாறியது பாட்டி கண்ணெதிரே நடந்தது. மலாயாவில் வணிக முறையில் செம்பனை முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர்; பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர். ஆனால் பயிர் பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1961இல் ஃபெல்டா தன் முதல் செம்பனைத் திட்டத்தை ஜொகூரில் தொடங்கியது. ரப்பருக்குச் செயற்கை ரப்பர் போட்டியாக நின்ற காலம் அது. இன்னொரு பக்கம் வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது சில தோட்டங்களைக் காப்பாற்றியது. எங்கள் தோட்டம் அதில் சேரவில்லை. பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. அப்பா தலைமுறைப் பையன்கள் பலர் அப்போதுதான் லோரிப் பக்கம் போனார்கள்.

முதலில் தோட்டத்துக்குள்ளேயே குலை ஏற்றும் லோரி. பிறகு ஜிடிஎல் எடுத்து, ஈ லைசென்ஸ் எடுத்து, டிரேலர். அப்பா எண்ணெய் லோரிக்கு வந்தது 1994இல், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட ஆண்டு. “ரோட்டு நல்லா ஆச்சு, டிரிப்பு கூடும்னு சொன்னாங்க” என்பார். டிரிப் கூடியது உண்மைதான். சாலை வேகமானது. வரிசை வேகமாகவில்லை.

வரிசை ஏன் உண்டாகிறது என்பதைச் சொல்லவேண்டும். செம்பனைக் குலையை வெட்டியபின் வைத்திருக்க முடியாது. நேரமாக ஆக எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால் ஆலை இரவும் பகலும் ஓடும். பழம் அதிகம் விழும் மாதங்களில் ஆலையின் சேமிப்புத் தொட்டிகள் நிறைந்துவிடும். எல்லா லோரியும் ஒரே நேரத்தில் வேண்டும். அந்த லோரிகளெல்லாம் மறுமுனையில் சுத்திகரிப்பு ஆலை வாசலில் ஒன்றாகப் போய் நிற்கும். அங்கே உடனே இறக்கிவிட முடியாது. எடைமேடை, சீல் சரிபார்ப்பு, பிறகு மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கொழுப்பமிலம் 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஏற்க மறுக்கலாம். முடிவு வரும்வரை ஓட்டுநர் நிற்கவேண்டும். இரவு மழையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகியிருந்தால் சூடேற்றி இளக்கித்தான் இறக்க முடியும். அதற்கும் நிற்கவேண்டும்.

நிற்பது என்றால் தூங்குவது இல்லை. வரிசை நகரும்போது லோரியை நகர்த்தவேண்டும். பத்து மீட்டர், மறுபடி பத்து மீட்டர். சீல் உடைந்தால் ஓட்டுநர் பதில் சொல்லவேண்டும், எடை குறைந்தாலும் ஓட்டுநர்தான். வழியில் எண்ணெய் திருடி விற்கும் கும்பல்கள் இருந்ததால் எல்லா ஓட்டுநர் மேலும் சந்தேகம் இருந்தது. அப்பா கம்பெனியில் எடைக்குறைவு ஓர் அளவைத் தாண்டினால் சம்பளத்தில் பிடித்தார்கள். தாத்தாவின் பாலைக் கிராணி நிறுத்தார். அப்பாவின் எண்ணெயை எடைமேடை நிறுத்தது. இரண்டு இடத்திலும் எண்ணைச் சொன்னது மறுதரப்புதான்.

டாங்கி லோரி ஓட்டுவது பெட்டி லோரி ஓட்டுவது போலல்ல. வளைவில் உள்ளே எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். பிரேக் பிடித்தால் முன்னால் வந்து மோதும். டாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் இருந்தாலும் அந்த இடியை முதுகில் உணரலாம் என்பார் அப்பா. முழுதாக நிறைந்த டாங்கியைவிட அரைகுறையாக நிறைந்ததுதான் ஆபத்து. உள்ளே ஓட இடம் இருக்கிறதல்லவா. இதற்கெல்லாம் விழித்திருக்கும் மனிதன் வேண்டும்.

2009இல் ஒரு விடியற்காலை, லாபிஸ் தாண்டி, அப்பா கண்ணயர்ந்துவிட்டார். லோரி சாலையை விட்டு இறங்கிச் சாக்கடையில் சாய்ந்தது. எதிரில் யாரும் வராதது எங்கள் அதிர்ஷ்டம். தோள்பட்டை எலும்பு முறிந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. மருத்துவமனையில் அவர் முதலில் கேட்டது, “எண்ணெ கொட்டிருச்சா?” என்றுதான்.

போலீஸ் கவனக்குறைவாக ஓட்டியதாக எழுதி, சம்மன் கொடுத்தது. காரணம்: தூக்கம். அது பொய்யில்லை. தூங்கியது அவர்தான். ஆனால் 555 புத்தகத்தில் அந்த இரவின் பக்கத்தைப் பாருங்கள். ஆலைக்குள் பிற்பகல் 3.20. வெளியே இரவு 12.50. ஒன்பதரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். நின்ற நேரத்தைச் சம்பாதித்து ஈடுகட்ட ஒரே வழி, விடிவதற்குள் இறக்கிவிட்டு அடுத்த டிரிப்புக்குத் திரும்புவது. விபத்து அறிக்கையில் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார் என்று கேட்கும் கட்டம் கிடையாது. பழுதுபார்த்த செலவில் ஒரு பங்கைக் கம்பெனி மாதாமாதம் பிடித்தது. அந்த மாதிரிப் பிடித்தங்களை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதை நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை நேரத்தைப் பற்றிய 60ஏ பிரிவு, வேலை நேரம் என்றால் என்ன என்று ஒரு விளக்கம் தருகிறது. ஒரு தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் கீழே இருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரம் எல்லாம் வேலை நேரம். சக்கரம் சுழலவேண்டும் என்று அதில் இல்லை. பத்து மீட்டர், பத்து மீட்டராக நகரும் வரிசையில் உட்கார்ந்திருப்பவனை இதைவிடச் சரியாக யாரும் விவரிக்க முடியாது. வாகனம் ஓட்டுபவரின் மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அவர் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். முதல் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. அப்பாவின் அந்த 81 மணி நேரத்தில், அப்போது சட்டம் வகுத்திருந்த வாரம் 48 மணியைத் தாண்டியது 33 மணி. ஒன்றரை மடங்கு கூலி கிடைத்திருக்கவேண்டிய நேரம். ஒரு மாதத்தில் மிகைநேரம் 104 மணியைத் தாண்டக்கூடாது என்றும் விதி உண்டு. நான்கு வாரம் அப்படி ஓடினால் 132.

சம்பளச் சீட்டில் இதெல்லாம் எங்கே இருந்தது? சீட்டில் இரண்டே வரி. அடிப்படைச் சம்பளம் 300 வெள்ளி. இன்னொரு வரி: எலாவுன் பெர்ஜாலானான், பயணப் படி. மாதம் இருபது டிரிப் என்றால் 1,900 வெள்ளி. உண்மையில் அதுதான் சம்பளம். அதற்கு ஏன் படி என்று பெயர்? ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் பயணப் படி சம்பளக் கணக்கில் சேராது. மிகைநேரக் கூலியும் சேராது. ஆக முதலாளி தன் பங்காக 12 விழுக்காட்டை 2,200 வெள்ளிக்குக் கட்டினால் 264. 300 வெள்ளிக்குக் கட்டினால் 36. மாதம் 228 வெள்ளி, வருஷத்துக்கு 2,736 வெள்ளி, ஒரே ஒரு சொல்லில் மறைந்துபோனது. அப்பா 2016இல் 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்தார். வீட்டுக் கடனின் மிச்சத்தைக் கட்டினார். இரண்டு வருஷத்தில் மீதியும் தீர்ந்தது. இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி. அப்பாவின் அடிப்படைச் சம்பளம் 300இலிருந்து 900 ஆனது. அதே மாதம் டிரிப் கூலி 110 வெள்ளியிலிருந்து 75 ஆகக் குறைந்தது. இருபது டிரிப் ஓடினால் முன்பு 2,500, இப்போது 2,400. “அரசாங்கம் ஏத்திக் குடுத்துச்சு, தவுக்கே எறக்கிட்டாரு” என்று வீட்டில் சிரித்தோம். ஆனாலும் சேமநிதி 900 வெள்ளிக்குக் கட்டப்பட்டது. லோரி ஓடாத மாதத்திலும் 900 வந்தது. சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது எளிது; அது சரியில்லை. குறைந்தபட்சச் சம்பள ஆணையில் துண்டுவேலை, டன், டிரிப், கமிஷன் என்று கூலி வாங்குபவர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இப்போது அந்தத் தொகை 1,700 வெள்ளி. அது தரை. தரைக்கு மேலே கட்டப்படும் சுவர் இன்னும் டிரிப் கணக்கில்தான் எழும்புகிறது.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தார்கள். அதன்பின் நாடே லோரிகளைப் பற்றிப் பேசியது. எடை மிகுதிக்குச் சோதனை, ஜிபிஎஸ், அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. எல்லாம் தேவைதான். இறந்தவர்களின் வீடுகளை நினைத்தால் இதற்கு மேலும் வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கருவி லோரியின் வேகத்தைத்தான் பிடித்து நிறுத்தும். ஓட்டுநரின் அவசரம் எங்கே உற்பத்தியாகிறது என்று அது கேட்காது. ஒன்பது மணி நேரம் நின்றவனிடம் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்றால், அவன் தூக்கத்தில்தான் மிச்சம் பிடிப்பான்.

கூலிக்கும் விபத்துக்கும் உள்ள உறவு புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1980இல் லோரித் தொழிலின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் ஓட்டுநர் கூலி எப்படிச் சரிந்தது என்று மைக்கேல் பெல்சர் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியா 2012இல் சாலைப் பாதுகாப்பையும் ஓட்டுநர் ஊதியத்தையும் ஒன்றாகப் பார்க்கும் தனித் தீர்ப்பாயமே அமைத்தது. சொந்த லோரிக்காரர்களின் எதிர்ப்பு கிளம்பி, 2016இல் அது கலைக்கப்பட்டது. தோற்றதென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கேள்வியை ஓர் அரசாங்கம் சரியான இடத்தில் வைத்தது. விபத்தை விசாரிக்கும்போது சம்பளச் சீட்டையும் மேசைமேல் வை என்றது.

இங்கே அந்தக் கேள்வியை எழுப்பவேண்டியவர்கள் தனித்தனிக் கெப்பாலாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தாவுக்குப் பெரட்டுக் களம் இருந்தது. அப்பாவுக்கு? வரிசை இருந்தது. நாற்பது லோரி நிற்கும் இடத்தில் நாற்பது ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். கோப்பி ஓ வாங்கிக்கொண்டு ஒருவர் கதவருகே இன்னொருவர் போய்ப் பேசுகிறார்கள். ஆனால் முன்லோரி நகர்ந்தால் பேச்சு முடிந்தது. கம்பெனி வேறு வேறு. டிரிப் விலை வேறு வேறு. எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இல்லை. அப்பாவிடம் சங்கம் பற்றிக் கேட்டால், “யாருக்குடா நேரம்?” என்கிறார். நேரமில்லை என்று சொன்ன மனிதர்தான் வாரம் 34 மணி நேரம் நின்றவர்.

நம் இலக்கியத்தையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அகிலன் இங்கு வந்துபோய் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ தொடங்கி, நம் எழுத்தாளர்கள் பால்வெட்டுத் தொழிலாளியைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வாளி, கத்தி, கங்காணி, லயம் எல்லாம் நமக்கு மனப்பாடம். தோட்டத்தை விட்டு வெளியேறியவன் நகரத்துக்கு வந்ததும் அவனைக் குண்டர் கும்பலிலும் குடிகாரனிலும் தேடிய கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். லோரிக்குள் ஏறிப் பார்த்த கதைகள் நான் படித்தவரையில் மிகக் குறைவு. காரணம் எளிது என்று நினைக்கிறேன். தோட்டம் ஓர் இடம். போய்ப் பார்க்கலாம், நினைவுகூரலாம், ஏங்கலாம். லோரி ஓட்டுநருக்கு இடம் இல்லை. அவர் மாச்சாப் ஓய்விடத்தில் முகம் கழுவுகிறார். நாம் அவரை நெடுஞ்சாலையில் ஹாரன் அடித்துக் கடந்து போகிறோம். தோட்டம் அழிந்தது என்று வருந்தும் நாம், தோட்டத்தின் கூலிக் கணக்கு அழியாமல் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவதைக் கவனிக்கவில்லை.

555 புத்தகங்களைக் கணினியில் ஏற்றி வருகிறேன். இதுவரை நான்கு முடிந்திருக்கின்றன. அப்பாவின் பழைய நண்பர்கள் இருவரிடமும் கேட்டேன். ஒரு மாமா தன்னிடம் புத்தகம் இருந்தது, வீடு மாறும்போது எறிந்துவிட்டேன் என்றார். இன்னொரு மாமா, இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர், நான் ஏன் நேரத்தைக் கேட்கிறேன் என்று முதலில் புரியாமல் விழித்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, வரிசையில் நிற்கும்போது மனைவிக்கு அனுப்பிய வாட்சாப் செய்திகளைக் காட்டினார். “உள்ள வந்துட்டேன்.” “இன்னும் முடியல.” “இன்னும் முடியல.” “இப்பதான் வெளிய வர்றேன்.” ஒவ்வொன்றின் அடியிலும் நேரம் இருந்தது.

அவற்றை அழிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.